குளிர்நாட்டில் உடுத்தும் முறை

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் நாட்டுப் பழமொழி. தோற்றத்தைக் குறித்தே நாம் அதனைப் பெரும்பாலும் சொல்லுகிறோம். நம் நாட்டின் வெப்பத்திலே ஆடை என்பது மானத்தைக் காப்பதற்கும் அழகுக்கும் உரிய பொருள். ஆனால் ஆண்டில் நான்கைந்து மாதங்கள் குளிர் ஆட்சி செய்யும் நாடுகளிலே, ஆடை உயிரையும் உடல்நலத்தையும் காக்கும் கருவியாகிவிடுகிறது. லண்டன் மாநகரில் ஜனவரி மாதத்துப் பகற்பொழுதிலேயே வெப்பநிலை 8 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். கனடாவிலும் ரஷ்யாவிலும் அது பூஜ்யத்திற்கும் மிகக் கீழே இறங்கிவிடும். இத்தகைய நாடுகளுக்கு உயர்கல்வியின் பொருட்டு நம் இளைஞர்கள் ஆண்டுதோறும் செல்லுகிறார்கள். உங்களிற் சிலரும் நாளை செல்லக் கூடும். ஆகவே, அந்நாட்டு ஆடவர் குளிர்காலத்தில் அணியும் மேலங்கியைப் பற்றியும், அதற்குள்ளே அடுக்கடுக்காக உடுத்தும் முறையைப் பற்றியும் இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. கம்பளி சூடு தருமா? "ஆம், தரும்" என்றுதான் நம்மிற் பெரும்பாலோர் விடை சொல்லுவோம். நமது தெருக்களில் சர்பத் வண்டிக்காரர் பனிக்கட்டியை எதில் வைத்திருக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். மரத்தூளைத் தூவிச் சாக்கினால் மூடி வைத்திருக்கிறார். சாக்கு சூடு தருவதாயின் பனிக்கட்டி விரைவில் உருகிவிட வேண்டுமே! அது உருகாமல் காப்பதற்காக அல்லவா அவர் மூடுகிறார்? அந்தச் சாக்கிற்குப் பதிலாக ஒரு நல்ல கம்பளியைப் போர்த்தினால் பனிக்கட்டி இன்னும் நெடுநேரம் நிற்கும். இதிலிருந்து நாம் அறிவது யாது? கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லுவதை அது தடுக்கிறது, அவ்வளவே. பனிக்கட்டியைச் சுற்றியிருந்தால் வெளிவெப்பம் உள்ளே புகாமல் தடுக்கும். மனிதனைச் சுற்றியிருந்தால் உள்வெப்பம் வெளியே போகாமல் தடுக்கும்.

அப்படியானால் சூட்டைத் தருவது எது? உங்கள் உடல்தான். ஓய்ந்து அமர்ந்திருக்கும் ஒரு மனிதனின் உடல், 100 வாட் மின்விளக்கு ஒன்று வெளியிடும் அளவுக்கு ஏறத்தாழச் சமமான வெப்பத்தை இடைவிடாமல் வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. வேகமாக நடந்தால் அது இன்னும் பன்மடங்காகும். இந்தச் செல்வத்தை வீணாகச் சிதறவிடாமல் காப்பதே குளிர்கால உடையின் தொழில்.

துணியின் எந்தக் குணம் இந்தத் தொழிலைச் செய்கிறது என்பதை ஆராய்ந்தவர் ரம்ஃபோர்டு பிரபு என்னும் அறிவியலறிஞர். அமெரிக்காவில் பிறந்து, ஜெர்மனியின் பவேரிய அரசில் பணிபுரிந்தவர். படைவீரர்களின் உடையைச் சீர்திருத்தும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. வெப்பமானி ஒன்றைச் சுற்றிப் பட்டு, பஞ்சு, கம்பளி, விலங்கின் மென்மயிர், வாத்தின் தூவி ஆகியவற்றை மாற்றி மாற்றி அடைத்து, ஒவ்வொன்றிலும் வெப்பம் தணிவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர் அளந்தார். தம் முடிவுகளை 1792-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் எழுதினார். வெப்பத்தைக் காப்பதில் இழைகளைவிட, அவற்றின் இடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுக்கே முதன்மையான பங்கு உண்டு என்பது அவர் கண்ட உண்மை.

இந்த உண்மையை நம் வீட்டுக் கூரையில் வந்து அமரும் சிட்டுக்குருவியும் அறியும். மார்கழி மாதத்து விடியற்காலையில் அது தன் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு பந்துபோல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது புதிதாக இறகு எதனையும் சேர்த்துக்கொள்ளவில்லை. இறகுகளின் இடையே உள்ள காற்றின் அளவையே பெருக்கிக்கொண்டது.

அசையாத காற்று நண்பன், நீரோ பகைவன். நீர், காற்றைக் காட்டிலும் 20 மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்தும். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் வகுப்பிலே ஒரு சோதனை செய்து காட்டுவதுண்டு. ஒரே அளவுள்ள மூன்று செம்புகளில் ஒரே சூடுள்ள வெந்நீரை ஊற்றுவோம். ஒன்றை வெறுமனே விட்டுவிடுவோம். ஒன்றை உலர்ந்த துணியால் சுற்றுவோம். மற்றொன்றை நனைத்த துணியால் சுற்றுவோம். எது விரைவில் ஆறும் என்று கேட்டால், துணியில்லாத செம்பு என்றே பல மாணவர்கள் சொல்லுவார்கள். ஈரத்துணி சுற்றிய செம்புதான் முதலில் ஆறும்! மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தினால்தான். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன் கொண்டு சென்றுவிடுகிறது. நீங்களும் வீட்டில் இதைச் செய்து பாருங்கள். குளிர்நாட்டில் வியர்வையால் நனைந்த சட்டை எவ்வளவு தீங்கு செய்யும் என்பது அப்போது விளங்கும்.

இந்த இரண்டு உண்மைகளிலிருந்துதான் அடுக்கி உடுத்தும் முறை பிறக்கிறது. அதில் மூன்று அடுக்குகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடமை உண்டு.

முதல் அடுக்கு, உடலை ஒட்டிய உட்சட்டை. வியர்வையைத் தோலில் தங்கவிடாமல் அப்புறப்படுத்துவதே இதன் வேலை. நமக்கு மிகப் பழக்கமான பருத்தி இங்கே பொருந்தாது. அது நீரை உறிஞ்சித் தன்னிடத்திலேயே வைத்துக்கொண்டு, உடலோடு ஒட்டிக் குளிரைத் தரும். மெல்லிய கம்பளி, பட்டு, இதற்கென்றே நெய்த செயற்கை இழை ஆகியவை ஏற்றவை. கம்பளிக்கு ஒரு வியத்தகு இயல்பு உண்டு. தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை ஏற்றுக்கொண்டாலும், அது தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது.

இரண்டாம் அடுக்கு காற்றைச் சேமித்து வைக்கும் களஞ்சியம். ஸ்வெட்டர் என்னும் கம்பளிச் சட்டை, தடித்த துணியாலான கோட்டு ஆகியவை இதில் அடங்கும். இது ஒன்றாக இருக்க வேண்டுவதில்லை. குளிருக்குத் தக்கபடி இரண்டாகவும் இருக்கலாம். தடித்த ஆடை ஒன்றைவிட மெல்லிய ஆடைகள் இரண்டு மேலானவை. இரண்டுக்கும் இடையே ஒரு காற்றுப்படலம் கூடுதலாகக் கிடைக்கிறது. அன்றியும், வெம்மை மிகும்போது ஒன்றைக் கழற்றிவிடலாம்.

மூன்றாம் அடுக்குதான் மேலங்கி. ஆங்கிலேயர் ஓவர்கோட் என்று சொல்லுவது இதனையே. உள்ளே சேமித்த காற்றைப் புறக்காற்று வந்து கலைத்துவிடாமலும், மழையும் பனியும் உட்புகாமலும் காப்பது இதன் கடமை. வீட்டிற்கு மதில் எப்படியோ, அடுக்கிய ஆடைகளுக்கு மேலங்கி அப்படி. மதில் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், உள்ளே வீடு இல்லையெனில் குடியிருக்க முடியாதல்லவா?

நூலைப் படித்து அறியாமல், வாழ்க்கையிலிருந்தே இந்த முறையைக் கண்டவர்கள் வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள். காரிபூ என்னும் மானின் தோலினால் அவர்கள் கடுங்குளிர் காலத்தில் இரண்டு அங்கிகள் அணிந்தார்கள். உள்ளங்கியின் மயிர் உடலை நோக்கியிருக்கும்; வெளியங்கியின் மயிர் புறத்தை நோக்கியிருக்கும். இரண்டும் தளர்வாகவே தைக்கப்பட்டிருக்கும்.

இனி ஐரோப்பியர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். 1922-ஆம் ஆண்டில் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் குழுவில் ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியல் வல்லுநர் இருந்தார். மற்றவர்கள் கம்பளி உடைகளையும் காற்றுத்தடுப்புத் துணிகளையும் அணிந்து புறப்பட, அவரோ ஆகாயக் கூண்டுகளுக்குப் பயன்படும் துணியில் வாத்தின் தூவியைத் திணித்துத் தமக்கென ஓர் அங்கியைத் தைத்துக்கொண்டு வந்தார். அதன் விந்தையான தோற்றம் தோழர்களின் நகைப்புக்கு இடமாயிற்று. மலையின் மேலே காற்று வீசத் தொடங்கியதும் அந்த நகைப்பு அடங்கிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் அவரும் ஜெஃப்ரி புரூஸும், அன்றுவரை மனிதர் எவரும் ஏறியிராத உயரமாகிய ஏறத்தாழ 8,300 மீட்டரை எட்டினார்கள். இன்று குளிர்நாட்டுத் தெருக்களில் காணும் பஞ்சுப்பொதி போன்ற தூவிச் சட்டைகள் யாவும் அந்த அங்கியின் இனத்தைச் சேர்ந்தவையே. ஆனால் தூவிக்கு ஒரு குறை உண்டு. நனைந்தால் அது கட்டியாகத் திரண்டு, காற்றை இழந்துவிடும். உலர்ந்த கடுங்குளிருக்கு அது மிக நன்று. மழைத்தூறல் ஓயாத இங்கிலாந்து போன்ற நாட்டிற்குக் கம்பளி மேலங்கியோ, செயற்கைப் பஞ்சு அடைத்த அங்கியோ நன்று.

மேலங்கிகளிலும் வகைகள் பல உண்டு. செஸ்டர்ஃபீல்டு என்பது 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு பிரபுவின் பெயரைக் கொண்டது. முழங்காலளவு நீண்டு, சில வேளைகளில் வெல்வெட்டுக் கழுத்துப்பட்டையோடு விளங்கும். அலுவலகத்திற்கும் விழாவிற்கும் உரியது. பீகோட் என்பது மாலுமிகளின் உடை. இடுப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் குட்டையான கருநீல அங்கி. அதன் முன்பக்கத்தில் ஒரு மடிப்பின்மேல் மற்றொரு மடிப்பு வந்து இரட்டை வரிசைப் பொத்தான்களால் பூட்டப்படும். இந்த இரட்டை மடிப்பு அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. கடற்காற்று தாக்கும் மார்பின்மேல் துணி இரண்டு மடங்காகிறது. டஃபிள் கோட் என்பது பெல்ஜியத்தில் உள்ள டஃபெல் என்ற ஊரின் பெயரைத் தாங்கிய தடித்த கம்பளித் துணியால் அப்பெயர் பெற்றது. பிரிட்டிஷ் கடற்படையினர் இதனை அணிந்தனர். இரண்டாம் உலகப்போரில் தளபதி மாண்ட்கோமரியும் இதனை விரும்பி அணிந்தார். இதில் சிறு பொத்தான்களுக்குப் பதிலாக மரத்தாலோ கொம்பாலோ செய்த கட்டைகளும் கயிற்று வளையங்களும் இருக்கும். கையுறை அணிந்த விரல்களாலும் பூட்டித் திறப்பதற்கே இந்த ஏற்பாடு. போர் முடிந்தபின் எஞ்சிய அங்கிகள் மலிவாக விற்கப்பட்டமையால், 1950-களில் இது ஆங்கில நாட்டுக் கல்லூரி மாணவர்களின் உடையாகவே ஆகிவிட்டது.

இவற்றை அணியும்போது கவனிக்க வேண்டியவை சில. மேலங்கியைக் கடையில் அளவு பார்க்கும்போது, உள்ளே அணியவிருக்கும் கோட்டையும் ஸ்வெட்டரையும் அணிந்துகொண்டே பார்க்க வேண்டும். வெறும் சட்டையின்மேல் கச்சிதமாகப் பொருந்தும் அங்கி, அடுக்குகளின்மேல் இறுகிப் பிடிக்கும். இறுகினால் உள்ளே உள்ள காற்று நசுங்கி வெளியேறும்; காற்றுப் போனால் கதகதப்பும் போயிற்று. பாதத்திற்கும் இதே விதிதான். இறுகிய காலணிக்குள் இரண்டு காலுறைகளைத் திணிப்பவனுடைய கால், ஒன்றே அணிந்தவனுடைய காலைவிட அதிகம் குளிரும்.

தோள் தையல் தன் இடத்தில் நிற்க வேண்டும். கை, உள்ளே உள்ள சட்டையின் முனையை மூட வேண்டும். உள்ளே அணிந்த கோட்டின் கீழ்விளிம்பு மேலங்கிக்கு வெளியே தொங்கலாகாது. இவை தோற்றத்திற்கான விதிகள் என்று தோன்றினாலும், காற்று புகும் வாயில்களை அடைக்கும் விதிகளும் இவையே. நிறத்தில் கருநீலமும் கருஞ்சாம்பலும் எல்லா உடைகளோடும் இசையும்; ஒட்டக நிறம் பகற்பொழுதுக்கு எடுப்பாக இருக்கும். ஒரே மேலங்கி வாங்க இயலுபவர் கருநீலத்தைத் தேர்ந்தெடுத்தால், வகுப்பிற்கும் விருந்திற்கும் அதுவே போதும். பளிச்சென்ற நிறத்தில் விருப்பமுள்ளவர் அதனைக் கழுத்துத்துணியில் வைத்துக்கொள்ளட்டும். அடுக்குகள் பல இருக்கையில் கண்ணைப் பறிப்பது ஒன்றே ஒன்றாக இருப்பது நல்லது.

கழுத்துத்துணி அணிகலன் அன்று. உடலின் வெப்பக்காற்று மேல்நோக்கி எழுந்து, புகைபோக்கியின் வழியே புகை போவதுபோலக் கழுத்தின் வழியே போய்விடும். அந்த வாயிலை மூடுவதே அதன் வேலை. தலைக்குத் தொப்பியும் வேண்டும். உடல் வெப்பத்தில் பெரும்பகுதி தலை வழியாகவே போய்விடுகிறது என்று சிலர் சொல்லுவது மிகை; தலையின் பரப்பு எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவுதான் போகும். ஆனால் மற்ற உறுப்புகளையெல்லாம் மூடிவிட்டுத் தலையை மட்டும் திறந்துவிட்டால் அது இழப்புத்தானே?

வீட்டிற்குள்ளோ வகுப்பறைக்குள்ளோ புகுந்தவுடன் மேலங்கியைக் கழற்றி மாட்டிவிடுவது அந்நாட்டு மரியாதை. அந்த மரியாதைக்குள்ளே அறிவும் அடங்கியிருக்கிறது. அங்கே கட்டிடங்களின் உட்புறம் 20 டிகிரி அளவுக்குச் சூடேற்றப்பட்டிருக்கும். மேலங்கியோடு ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பவன் வியர்ப்பான். வியர்த்த உடம்போடு வெளியே வருபவனின் நிலை, ஈரத்துணி சுற்றிய செம்பின் நிலைதான். குளிர்நாட்டில் குளிரும் முன்னே உடுத்து, வியர்க்கும் முன்னே கழற்ற வேண்டும்.

மாணவர்களே, இவ்வளவையும் கேட்டபின் உங்களுக்கு ஓர் ஐயம் தோன்றலாம். "உடுத்துவதும் ஒரு கல்வியா? போன இடத்தில் தானே தெரிந்துவிடாதா?" என்று எண்ணலாம். இதற்கு விடையாக ஒரு வரலாற்றைக் கூறுகிறேன்.

1914-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி இங்கிலாந்து சென்றார் கணித மேதை சீனிவாச ராமானுஜன். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் அவர் தங்கியிருந்தபோது, பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியலின் தந்தையெனப் போற்றப்பட்ட பிரசாந்த சந்திர மகலநோபிஸும் அங்கே கிங்ஸ் கல்லூரி மாணவராக இருந்தார். ஒருநாள் ராமானுஜனைக் காண அவருடைய அறைக்குச் சென்ற மகலநோபிஸ், இரவில் குளிரில்லாமல் இருக்கிறதா என்று விசாரித்தார். குளிரத்தான் செய்கிறது; மேலங்கியை அணிந்துகொண்டு சால்வையையும் போர்த்திக்கொண்டு படுப்பதாக ராமானுஜன் சொன்னார். போர்வைகள் போதவில்லையோ என்று மகலநோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். போர்வைகள் நிறையவே இருந்தன. ஆனால் ஆங்கிலேயர் வழக்கப்படி அவை விரிக்கப்பட்டு, ஓரங்கள் மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை ராமானுஜன் அறிந்திருக்கவில்லை. அந்தப் போர்வைகளின்மேலேயே அவர் படுத்துக்கொண்டிருந்தார்! போர்வையை எவ்வாறு விலக்கிப் படுப்பது என்று மகலநோபிஸ் அவருக்குக் காட்டினார். இதனை மகலநோபிஸே தம் நினைவுக்குறிப்பில் கூறியிருக்கிறார்.

நாம் சற்றுமுன் கண்ட உண்மையை இங்கே பொருத்திப் பாருங்கள். போர்வைகள் அவருடைய உடலின் எடையால் கீழே நசுங்கிக் கிடந்தன. அவற்றில் காற்றுக்கு இடம் குறைந்தது. அவர் நம்பியிருந்தது ஓர் அங்கியையும் ஒரு சால்வையையும். கம்பளி இருந்தும் கதகதப்பு இல்லை. முடிவிலாத் தொடர்களின் மறைபொருளை மனத்தினாலேயே கண்டறிந்த அந்தப் பேரறிவுக்கு, ஒரு படுக்கையின் வழக்கத்தை யாரும் சொல்லித் தரவில்லை. அவர் அறியாதது அவருடைய குறையன்று; தஞ்சைத் தரணியில் வளர்ந்தவர் அதனை எங்கே கற்றிருக்கக் கூடும்? 1917-ஆம் ஆண்டில் அவரைப் பற்றிய நெடுநோய்க்கு அந்தக் குளிரே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அத்தனை இரவுகள் அவர் வீணாகக் குளிரில் வருந்தினார் என்பது மறுக்க முடியாதது. ஒரு நிமிடத்து அறிவுரை அதனைத் தீர்த்தது என்பதும் மறுக்க முடியாதது.

இதிலிருந்து இரண்டு கடமைகளை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். முதலாவது, கேட்பதற்கு நாணாதீர்கள். அயல்நாட்டில் கால் வைத்த இளைஞன் கணக்கிலோ அறிவியலிலோ ஐயம் வந்தால் கேட்டுவிடுகிறான். உடுத்துவது, உண்பது, உறங்குவது ஆகியவற்றில் ஐயம் வந்தால் மானம் போய்விடுமென்று வாய் திறவாமல் இருக்கிறான். சிறிய ஐயங்களே நாள்தோறும் வருத்துபவை. இரண்டாவது கடமை முதலாவதினும் உயர்ந்தது. உங்களுக்குப்பின் ஒருவன் புதிதாக வந்து சேரும்போது, அவன் கேட்கட்டும் என்று காத்திராமல், மகலநோபிஸைப் போல நீங்களே அவன் அறைக்குச் சென்று, "இரவில் குளிர்கிறதா?" என்று கேளுங்கள்.

பெற்றோர் கடன்பட்டு அனுப்பிவைக்கும் மாணவர்களுக்கு இன்னும் ஒரு சொல். விலையுயர்ந்த மேலங்கி ஒன்றை வாங்கி, அதனுள்ளே மெல்லிய பருத்திச் சட்டையோடு நடுங்குவதைவிட, எளிய உடைகள் மூன்றை முறையறிந்து அடுக்குவது மேல். இங்கிலாந்தில் அறநிலையங்கள் நடத்தும் பழம்பொருட் கடைகளில், பிறர் பயன்படுத்திக் கொடுத்த நல்ல கம்பளி மேலங்கிகள் மலிவாகக் கிடைக்கும். அங்குள்ள செல்வர்களும் அவற்றை வாங்க வெட்கப்படுவதில்லை. உட்சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள்; மேலங்கியைச் சென்ற இடத்தில், அந்த ஊர்க் காற்றையும் மழையையும் அறிந்தபின் வாங்குங்கள். வாங்கியதை அகன்ற தோளுள்ள மாட்டியில் தொங்கவிட்டு, நனைந்தால் அடுப்பின் அருகே வைக்காமல் காற்றில் உலர்த்திவந்தால், அது பல ஆண்டுகள் உழைக்கும். நீங்கள் நாடு திரும்பும்போது புதிதாக வந்த தம்பி ஒருவனுக்குக் கொடுத்துவிட்டும் வரலாம்.